கை நனைத்த வீடு

மே 22, வியாழன்

இறங்கும்போதே மழை. திருச்சியில் கத்திரி வெயில், இங்கே விமான ஜன்னல் முழுக்கத் தண்ணீர். தூக்கம் இல்லை. காலில் வீக்கம். பெட்டிகள் இரண்டும் வந்து சேர்ந்தன.

ஓட்டல் தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில். அறையில் ஒருவர் நடக்க வேண்டுமென்றால் இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். ஜன்னல் உண்டு, திறக்காது. "ஊரைப் பாக்க வந்தோமா, ரூமைப் பாக்க வந்தோமா?" என்கிறார் இவர். சரி.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். முதல் வெளிநாடு. போன மாதம் ஸ்கூலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "லீவு போடு சாந்தி, சிங்கப்பூர் போறோம், டிக்கெட் எடுத்தாச்சு" என்றார். ஹெட்மாஸ்டர் அறிவிப்பு அப்படித்தான் வரும். ஆனாலும் சந்தோஷம். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டே நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாவதாகச் சொன்னது ஒரு நோயாளியிடம்.

கொண்டுவந்தவை:
மணப்பாறை முறுக்கு 6 பாக்கெட் (எல்லாம் இவருடைய காலேஜ் நண்பர் மாணிக்கம் வீட்டுக்கு)
ஊறுகாய் 2, ஒன்று கசிந்து என் துண்டு பாழ்
என் பச்சைப் பட்டு. "கண்டிப்பா எடுத்துக்க" என்று மூன்று தடவை சொன்னார். போட்டோவுக்காம்.
பிரஷர் மாத்திரை இவருக்கு 10, எனக்கு 10

சுற்றிப் பார்ப்பதற்கு ஸ்கூல் டைம்டேபிள் போலக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். வெள்ளி மதியம் 'மாணிக்கம் வீடு', சிவப்பு மையில் இரண்டு கோடு. ஏன் சிவப்பு என்றேன். "மறந்துறக் கூடாதுல்ல."

மாலையில் தேக்கா மார்க்கெட். "முருங்கைக்கா வேணுமா அக்கா? இன்னைக்கி வந்தது லா." 'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால். இவ்வளவு தூரம் பறந்து வந்து முருங்கைக்காய் விலை விசாரித்தேன். விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன்.

கயலுடன் வீடியோவில் பேசினேன். கோயம்புத்தூரில் லேப் வேலை முடிந்து ஹாஸ்டலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் ஒட்டி நில்லுங்க, போட்டோ எடுக்கறேன்" என்றாள். இவர் ஒரு அடி தள்ளியே நின்றார்.

மே 23, வெள்ளி (மா. 4, ரயிலில்)

மழை இல்லை, புழுக்கம். பட்டுப் புடவைக்குள் வெந்தேன். காலை எட்டு மணிக்கே கட்டச் சொல்லிவிட்டார்.

கடலோரத் தோட்டம் பார்த்தோம். கண்ணாடிக் கூடத்துக்குள் ஒரு மலை, மலையிலிருந்து அருவி, உள்ளே ஊட்டிக் குளிர். அங்கேயே குடியிருந்துவிடலாம் போல இருந்தது. "பத்து நிமிஷம்தான்" என்று வாட்ச்சைத் தட்டினார். நூற்றைம்பது படி ஏறி வந்து பத்து நிமிஷம். சிங்கத்தலை மீன் சிலையை பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமாம். பஸ் அந்தப் பக்கம் போகவே இல்லை.

மாணிக்கம் வீடு பொங்கோலில். தேக்காவிலிருந்து ஊதா லைன் ரயில், கடைசிக்கு முந்தின ஸ்டேஷன், மாற வேண்டாம். அங்கிருந்து டிரைவர் இல்லாத குட்டி ரயில். பதினோராம் மாடி. வாசலில் செருப்பு அடுக்கும் தட்டு, மாவிலைத் தோரணம், துளசித் தொட்டி. மாணிக்கம் திருச்சிக்காரர். மனைவி புஷ்பா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மூன்றாம் தலைமுறை. வாய் நிறையப் பேச்சு. ஒரே பையன் பிரவீன், இருபத்தொன்பது, என்ஜினியர். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தான்.

எவ்வளவு மரியாதையான ஜனங்கள்! இலை போட்டு, தண்ணீர் தெளித்து, புஷ்பா இவரிடம் கேட்டாள்: "சாப்பிடலாமா அண்ணா?" இவர் "தாராளமா" என்றார். மறுபடி, "ஷுவரா அண்ணா? சாப்பிடலாம்ல?" மூன்றாம் தடவையும் கேட்டாள். இந்த ஊர் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் யார் இப்படிக் கேட்கிறார்கள்?

சாம்பார், வாழைக்காய் வறுவல், அவியல், ரசம். சேமியா பாயாசம். இரண்டு நாள் ஓட்டல் இட்லிக்குப் பிறகு அமிர்தம். பாயாசம் இரண்டாவது தடவை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். புஷ்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலைப் பாராட்டினால் எந்தப் பெண்ணுக்குத்தான் கலங்காது.

கிளம்பும்போது தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மல்லிகை, எனக்கு ஒரு புடவை. "இது கயலுக்கு" என்று இன்னொரு புடவை, மாம்பழக் கலர். அவளுக்கு எதற்குங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிரவீன் காது சிவந்து சமையலறைக்குள் போய்விட்டான். என் தலையில் புஷ்பாவே பூ வைத்தாள். தட்டை நான் வாங்குவதை இவர் போட்டோ எடுத்தார். என் கண் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

அதே நாள், மா. 7

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

அறைக்கு வந்து போனைத் திறந்தால் குடும்ப குரூப்பில் நாற்பத்திரண்டு மெசேஜ். மேலே அந்தப் போட்டோ. பச்சைப் பட்டில் நான், கையில் தட்டு, வாயெல்லாம் பல். கீழே இவர் எழுதியிருக்கிறார்: 'கயல் சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. இன்று மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தாயிற்று.'

நாத்தனார் கலா: 'அண்ணி பாயாசம் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சாங்களாமே! அவங்களுக்கும் பரம திருப்தி!' அதற்குக் கைதட்டும் படங்கள் ஒன்பது.

ராமலிங்கம். ராமலிங்கம். ராமலிங்கம். இருபத்தைந்து வருஷத்தில் வாயால் சொல்லாத பெயரை இந்த நோட்டில் எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் தெரியாதவர் கிடையாது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும் பெண் வீட்டார் காபி குடிப்பார்கள், அதிகம் போனால் ஒரு பிஸ்கட். சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு கிடையாது. என் தங்கைக்கு வீடு பார்க்கப் போனபோது வடையை எடுக்கப் போன சித்தப்பாவின் கையைத் தட்டிவிட்டவள் நான். அந்த நானே இன்றைக்கு இலையை வழித்துச் சாப்பிட்டேன். நண்பர் வீட்டு விருந்து என்று நம்பிச் சாப்பிட்டேன்.

கயலுக்குத் தெரியாது. பொங்கலுக்கு வந்தபோது மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, எனக்குன்னு ஒரு இடம் பாத்தீங்கன்னா, முதல்ல எங்கிட்ட சொல்லணும். அப்புறந்தான் அடுத்தவங்ககிட்ட. சத்தியம் பண்ணு." அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். இவரிடமும் சொன்னேன். தினத்தந்தியை இறக்காமலே "ம்" என்றார்.

கயலுக்கு நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவைக்கு முன் ஒரே ஒரு மெசேஜ் வந்தது.

'பாயாசம் ரெண்டு தடவையாம்மா?'

அவ்வளவுதான். அதன்பிறகு போன் அணைத்து வைத்திருக்கிறாள்.

இவர் குளித்துவிட்டு வந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன். "எதை?" என்றார். அந்த 'எதை'க்காகவே ஒருநாள் தண்டனை அனுபவிப்பார்.

மே 24, சனி

காலையில் இடி மழை, பத்து மணிக்கு வெயில். டைம்டேபிள்படி செந்தோசா தீவு, கேபிள் கார். போக மாட்டேன் என்றேன். "டிக்கெட் எடுத்தாச்சு." இந்த வார்த்தையை இனி யார் சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்வேன். அறையில் இவருடன் உட்கார்ந்திருப்பதற்கு வெளியே போவதே மேல் என்று கிளம்பினேன்.

கேபிள் கார் பெட்டிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கீழே கடல், கப்பல்கள், பச்சைக் காடு. கதவு வெளியிலிருந்து பூட்டு. இறங்கி ஓட முடியாது, இவராலும் முடியாது. கேட்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தடுத்திருப்ப."

"கயல்கிட்ட?"

"அவ சின்னப் பொண்ணு. என்ன தெரியும் அவளுக்கு?"

இருபத்துநாலு வயது. கோயம்புத்தூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு பேருக்கு மேற்பார்வை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் டாக்டர் ஊசி போடுகிறார். என்ன தெரியும் அவளுக்கு.

"சரி, என்னை எதுக்கு அழைச்சிட்டு வந்தீங்க? நீங்களே வந்து நீங்களே தின்னுட்டுப் போயிருக்கலாமே?"

வகுப்பில் பாடம் சொல்லும் குரலில், "நான் சொன்னா அவ கேக்க மாட்டா. நீ கை நனைச்சா மறுக்க மாட்டா. உன்மேல உசுரா இருக்கா" என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. கல்யாண நாளும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. கயல் என்னிடம் வைத்திருக்கும் பிரியத்தை இந்த மனிதர் தூண்டிலில் கோத்திருக்கிறார். புழு நான். பச்சைப் பட்டுக் கட்டிய புழு.

கத்தினேன். நன்றாகக் கத்தினேன். எதிரே வந்த பெட்டியில் ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தி என்னையே பார்த்துக்கொண்டு கடந்துபோனது. இவர், "மெதுவா பேசு, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க" என்றார். கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு!

"நல்ல இடம் சாந்தி. சொந்த வீடு. பையன் குடிக்கறதில்ல. மாமியா நல்ல குணம். என்ன குறை சொல்லு."

ஒரு குறையும் இல்லை. அதுதான் என் ஆத்திரம். பிரவீனை எனக்கே பிடித்திருந்தது. என்னிடம் முறையாகச் சொல்லி, கயலிடம் முறையாகச் சொல்லியிருந்தால் நானே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பேன். இப்போது அந்தப் பையனின் நல்ல குணம்கூட எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இறங்கும் இடத்தில் ஒரு சீனத் தம்பதி, எங்களைவிட வயதானவர்கள், போனை வாங்கிப் போட்டோ எடுத்துத் தர வந்தார்கள். "அனிவர்சரி? வெரி குட், வெரி குட்." சேர்ந்து நின்றோம். சிரித்தேன். எனக்கு அந்தக் கேவலமான பழக்கம் இருக்கிறது, கேமராவைக் கண்டால் சிரிப்பது.

மதியம் சாப்பிடவில்லை. இவர் சாப்பிட்டார்.

எழுதவே கூடாது என்றிருந்த ஒன்றை எழுதிவிடுகிறேன். எனக்கும் இப்படித்தான். டி.பார்ம். கடைசி வருஷம், பரீட்சைக்கு இரண்டு வாரம். அப்பா லால்குடியில் இவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, "கை நனைச்சாச்சும்மா" என்றார். அம்மா சர்க்கரை எடுத்து என் வாயில் போட்டாள். அதைத் துப்பியிருக்கலாம். விழுங்கினேன். இவர் கெட்டவர் இல்லை, அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட யாரும் என்னை 'உனக்குச் சரியா' என்று கேட்டதே இல்லை. வீடு வாங்கும்போது கேட்கவில்லை. இரண்டாவது குழந்தை வேண்டாம் என்றபோது கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே நான் இன்றைக்குத்தான் எண்ணிப் பார்க்கிறேன்.

கயல் போன் இன்னும் அணைத்துத்தான்.

மே 25, ஞாயிறு. கல்யாண நாள்.

வெயில். காற்றே இல்லை.

காலை 7 – கலா போன். "அண்ணி, வாழ்த்துகள்! ரெட்டைச் சந்தோஷம்!" வைத்துவிட்டேன். 

8.30 – சிராங்கூன் சாலைக் காளியம்மன் கோயில். கூட்டம். இவர் இரண்டு பேர் பெயர் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். எனக்கு முன்னால் இருந்த பெண் தன் தோழியிடம்: "நான் வந்து சாமிகிட்ட ஒண்ணுமே கேக்கல லா. சும்மா நின்னேன். கேட்டாத்தான் குடுக்குமா?" கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு வெளியே வந்தேன். இவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அறைக்குப் போனேன். இரண்டு புடவை, தேங்காய், வெற்றிலை பாக்கு. வெற்றிலை வாடிவிட்டது. வாழைப்பழத்தில் மூன்றை ராமலிங்கம் தின்றிருக்கிறார். தேக்காவில் புது வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். குறைவாகத் திருப்பிக் கொடுத்தால் அது வேறு பேச்சு ஆகிவிடும். அவர்கள் கொடுத்த தட்டிலேயே எல்லாம் அடுக்கி, பையில் வைத்து, ஊதா லைன். பொங்கோல் வரை தட்டு சாயாமல் மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண், "கோயிலுக்கா ஆன்ட்டி?" என்றாள். ஆமாம் என்றேன்.

கதவைத் திறந்தது புஷ்பா. நைட்டியில் இருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா! தனியாவா வந்தீங்க? சொல்லிருந்தா பிரவீன் கார் எடுத்துட்டு வந்திருப்பானே!" என் கையில் தட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மேசைமேல் வைத்தேன். வழி முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. "எம் பொண்ணுக்கு இது தெரியாதும்மா. எனக்கும் தெரியாது. விருந்துன்னு நெனச்சுத்தான் சாப்பிட்டேன்" என்றேன்.

மாணிக்கம் சோபாவிலிருந்து எழுந்தார். உடனே உட்கார்ந்தார். புஷ்பா அப்படியே நின்றாள்.

"என்னக்கா சொல்றீங்க? நான் போன்ல மூணு தடவை கேட்டேன் உங்க ஹஸ்பண்ட் கிட்ட. பொண்ணு ஓகே சொல்லிடுச்சான்னு. 'யெஸ் யெஸ், அவளுக்கு ரொம்ப சந்தோஷம்'னாரு. எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, உங்க பக்கம் சாப்பிட்டா சரின்னு அர்த்தம்னு. அதுக்குத்தான் இலை போட்டு மறுபடியும் கேட்டேன். சாப்பிடலாமா, சாப்பிடலாமான்னு. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

பக்கத்தில்தான் இருந்தேன். நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஜூரோங்ல எங்க அக்கா, பாசிர் ரிஸ்ல எங்க நாத்தனாரு, கோயில் கமிட்டி, என் ஆபீஸ்... எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். இப்ப என்ன சொல்லுவேன்? ரெண்டு தடவை பாயாசம் குடிச்சிட்டு வேணாம்னு போய்ட்டாங்கன்னா? நாங்க என்ன விளையாட்டா அக்கா உங்களுக்கு?"

அவள் கோபம் நியாயம். என் கோபத்தைவிட நியாயம். ஆனாலும் தட்டை எடுக்க என் கை போகவில்லை.

"சாப்பிட்டது நானும்மா. ரெண்டு தடவை குடிச்சதும் நான்தான். எம் பொண்ணு இன்னும் உங்க வீட்டுத் தண்ணிகூடக் குடிக்கல. அவளுக்காக நான் எப்படிக் கை நனைக்க முடியும்? உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா நீங்க கேக்காம பண்ணுவீங்களா?"

"அதான் கேட்டேனே!" என்று கத்தினாள் புஷ்பா. கத்திவிட்டு அழுதாள். நான் அழவில்லை. அழுகை வந்தால் தட்டை மறுபடி கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. இந்த வீட்டில் இனி எதைக் குடித்தாலும் அதற்கொரு அர்த்தம் வந்துவிடும்.

மாணிக்கம் கடைசிவரை என்னிடம் பேசவில்லை. "லிங்கம் இப்படிப் பண்ணுவான்னு..." என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பிரவீன் லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே வந்தான். வெறுங்கால்.

"ஆன்ட்டி, நான் ஒண்ணு சொல்லணும். அங்கிள் நம்பர் குடுத்தாரு. ஃப்ரைடே நீங்க கிளம்பின உடனே கயலுக்கு மெசேஜ் போட்டேன். 'தேங்க்ஸ் ஃபார் சேயிங் யெஸ்'ன்னு."

அடப்பாவி மனுஷா. அவளுக்கு அந்தப் போட்டோ மட்டும் போகவில்லை, நன்றியும் போயிருக்கிறது. சொல்லாத சம்மதத்துக்கு நன்றி.

"ப்ளூ டிக் வந்துச்சு. ரிப்ளை இல்ல. ஷை போலன்னு நெனச்சேன். அங்கிள் அப்படித்தான் சொன்னாரு." தொண்டையைச் செருமினான். "அவங்களுக்கு ஒரு சாரி போடவா ஆன்ட்டி, இல்ல சும்மா விட்டுடவா? எது அவங்களுக்கு பெட்டர்?"

விட்டுவிடு தம்பி என்றேன். சரி ஆன்ட்டி என்று தலையாட்டினான். லிஃப்ட் கதவு மூடும்வரை நின்றான். இந்தப் பையனையும் சேர்த்துத்தான் ராமலிங்கம் கெடுத்துவிட்டார்.

கீழ்த்தளத்தில் கல் பெஞ்சில் உட்கார்ந்து கயலுக்கு எழுதினேன்: 'தட்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன். உன்னைக் கேக்காம சாப்பிட்டது தப்பு. தெரியாம சாப்பிட்டேன், ஆனா சாப்பிட்டேன். அம்மா.' ஒரு டிக்தான் விழுந்தது.

இவர் ஓட்டல் வாசலில் நின்றிருந்தார். நெற்றியில் குங்குமம், கையில் பிரசாதப் பை. மாணிக்கம் அதற்குள் போன் செய்திருந்தார். 

"என் மானத்தை வாங்கிட்டியேடி."

"ஆமா."

"நாப்பது வருஷ நட்பு."

"ஆமா."

"இனிமே அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

எவள் முகத்தில் என்று நான் கேட்கவில்லை. புஷ்பாவைத்தான் சொல்லியிருப்பார். பெற்ற மகள் முகம் இவர் கணக்கிலேயே இல்லை.

பிறகு கலா மறுபடி போன். "அண்ணி, சோத்தைத் தின்னுட்டு இப்படிப் பண்ணலாமா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?" ஊரில் யார் சொல்வார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடு, ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். வைத்துவிட்டாள். குரூப்பிலிருந்து வெளியேறினேன். 'சாந்தி வெளியேறினார்' என்று அதில் வருமாம். வரட்டும்.

கல்யாண நாள் சாப்பாடு: ஒரு பரோட்டா, நின்றுகொண்டே.

மே 26, திங்கள் (விமானத்தில்)

மேகமூட்டம். காலையில் பெட்டி கட்டினேன். பச்சைப் பட்டை அடியில் திணித்தேன். மடிக்கவில்லை. இவருடைய மாத்திரையை எடுத்து வைத்தேன். பழக்கம்தான், பாசம் என்று யாரும் எழுத வேண்டாம்.

டாக்சிக்காரர் தமிழர். "எப்படி இருந்துச்சு சிங்கப்பூர்? எல்லா இடமும் பாத்தீங்களா?" இவர், "எல்லாம் பாத்தோம், ரொம்ப நல்லா இருந்தது" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாலை ஓரம் முழுக்க காகிதப் பூ, ஒரே சீராக வெட்டியது. எல்லாம் பொய்யாகத் தெரிந்தது.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருப்பு. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா மகளிடம்: "பாப்பா, தோசை வேணுமா, நூடுல்ஸா? சொல்லு, உன்னைத்தான் கேக்கறேன்." எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஏறுவதற்கு வரிசையில் நிற்கும்போது போன். கயல்.

"அம்மா."

நாலு நாள் கழித்துக் கேட்கும் குரல். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் பேசினாள்.

"நீயே போய்க் குடுத்தியா?"

"ம்."

"தனியாவா?"

"ஊதா லைன். மாற வேண்டாம்."

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரல் மாறியது. ஆறு பேரை மேற்பார்வை பார்க்கும் குரல். "அப்பா பக்கத்துல இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். இவர் இரண்டடி பின்வாங்கினார். பின்னால் பெட்டியுடன் ஆள், அதற்குமேல் நகர முடியவில்லை.

"அப்பா, கயல் பேசறேன். நான் கோவமா கத்தப் போறதில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அந்தப் பையனைக் கட்டிக்கறியான்னு நீங்க எங்கிட்ட கேக்கவே இல்ல. இப்ப கேளுங்க. நான் பதில் சொல்றேன். என்ன பதிலா இருந்தாலும் அதோட விட்டுடணும். கேளுங்கப்பா."

எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவருக்கு உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நெற்றியில் வேர்வை. கர்ச்சீப்பை எடுத்தார், துடைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தார். நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. உண்மையாகவே தவித்தார்.

கயல் காத்திருந்தாள். போனைக் கையால் மூடிக்கொண்டு, என் பக்கம் குனிந்து, சின்னக் குரலில் கேட்டார்:

"எப்படிக் கேக்கணும் சாந்தி?"

நான் சொல்லித் தரவில்லை.